நின்று காண்போர் நெறி
ரக்பி மைதானம் தரும் பாடம்



சென்ற ஆண்டு விளையாட்டு விழாவன்று நடந்த இரு சிறு நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று எறிபந்து இறுதி ஆட்டம். இரு இல்லங்களும் சமமான புள்ளிகளில் நின்றன. எதிர் இல்லத்தைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சர்வீஸ் போடுவதற்காகப் பந்தை எடுத்துக்கொண்டு பின்கோட்டுக்குப் போனாள். கயிற்றுக்கு இப்பால் நின்ற என் இல்லத்துப் பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர் ஒரே குரலாய்க் கூச்சலிட்டார்கள். அவள் கை நடுங்கியது எனக்கே தெரிந்தது. பந்து வலையில் பட்டு விழுந்தது. நாங்கள் வென்றோம்.

அதே நேரம், பின்னால் நின்ற பெரிய பெண்கள் எட்டிப் பார்க்க முண்டியதில், முன்வரிசையில் நின்ற மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தியின் நெஞ்சில் கயிறு அழுந்திவிட்டது. அவள் அழக்கூட முடியாமல் திணறினாள். ஓர் ஆயா பார்த்துத் தூக்கி வெளியே விட்டார். தள்ளிய பெண்களுக்கு இப்படி நடந்தது என்பதே தெரியாது.

பரிசளிப்பு முடிந்தபின் குழாயடியில் அந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "தோற்றதற்காக அழவில்லை, டீச்சர். நான் எறியும்போது ஒருத்தர்கூடச் சும்மா இருக்கவில்லையே, அதுதான்" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கூச்சலை அடக்காமல் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

ஆடுவோர்க்கு விதிகள் உண்டு. அவற்றை உங்களுக்குக் கற்பிக்கிறோம். காண்போர்க்கு நெறி உண்டா? உண்டென்றால் அதை எங்கே கற்பது? இந்தக் கேள்வியோடு நூல்களைப் புரட்டியபோது, நான் எதிர்பாராத ஓரிடத்தில் விடை கிடைத்தது. முரட்டு ஆட்டம் என்று பெயரெடுத்த ரக்பியைக் கூட்டமாக நின்று காண்போரிடம்தான் அந்த நெறி இருந்தது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆட்டம் எப்படிப்பட்டது?

ரக்பி என்பது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அவ்வூர்ப் பள்ளியில் வளர்ந்த ஆட்டமாதலால் அப்பெயர் பெற்றது. 1871-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரக்பிக் கழகம் அமைந்தது. அதே ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் எடின்பரோ நகரில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதியதே நாடுகளுக்கிடையிலான முதல் ஆட்டம். அதில் ஸ்காட்லாந்து வென்றது. நமக்கு அருகே இலங்கையில் கொழும்பு, கண்டி நகரப் பள்ளிகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதை ஆடி வருகின்றன.

பந்து உருண்டையாக இராது. இருமுனையும் நீண்டு முட்டை வடிவாக இருக்கும். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியலாகாது. பக்கவாட்டிலோ பின்னாலோ வருபவருக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிரணியார் ஓடி வருபவரைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால் 5 புள்ளி. அதன்பின் பந்தைத் தரையில் நிறுத்தி, இரு கம்பங்களுக்கு இடையே குறுக்குக் கம்பிக்கு மேலாக உதைத்து அனுப்பினால் மேலும் 2 புள்ளி. எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் தண்டனை உதையில் வென்றால் 3 புள்ளி. நாற்பது நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக ஆட்டம் 80 நிமிடங்கள் நடக்கும்.

இந்த உதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

நிற்கும் படிகள்

மைதானத்தைச் சுற்றி இருக்கைகள் மட்டுமல்லாமல், நின்றுகொண்டே பார்க்கும் இடங்களும் அங்கே பல மைதானங்களில் உண்டு. அவற்றை 'டெரஸ்' என்பார்கள். நம் வீட்டு மொட்டை மாடி என்று எண்ணிவிடாதீர்கள். குளக்கரைப் படித்துறையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த அகலக் குறைவான சிமெண்டுப் படிகள் அவை. இடையிடையே இடுப்பளவு உயரத்தில் உறுதியான இரும்புக் கம்பித் தடுப்புகள் நட்டிருப்பார்கள்.

இங்கே சீட்டு விலை குறைவு. நம் ஊர் டூரிங் கொட்டகையில் இருந்த தரை டிக்கெட்டைப் போன்றது என்று சொல்லலாம். எண்ணிட்ட இடம் கிடையாது; வந்தவர் வந்த வரிசையில் நிற்பார். கிழவர் அருகே பள்ளிப்பிள்ளையும், வக்கீல் அருகே கூலியாளும் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். இங்கிலாந்தில் கிளாஸ்டர் நகரத்துக் கழகம் 1873-இல் தோன்றியது; 1891 முதல் கிங்ஸ்ஹோம் என்ற மைதானத்தில் ஆடி வருகிறது. அங்கே ஆடுகளத்தின் ஒரு பக்கம் நெடுகிலும் கூரை வேய்ந்த நிற்கும் படிகள் உள்ளன. அதன் பெயரே 'ஷெட்', அதாவது கொட்டகை. அயர்லாந்தில் லிமரிக் நகரத்துத் தாமண்டு பார்க் மைதானம் 2008-இல் புதிதாகக் கட்டப்பட்டபோதும், இருமுனைக் கம்பங்களுக்குப் பின்னாலும் நிற்கும் படிகளை விட்டுவைத்தார்கள். மக்கள் அவற்றை அவ்வளவு விரும்பினார்கள்.

இருக்கையில் அமர்ந்தவருக்கு அவர் நாற்காலியே வேலி. நிற்பவருக்கு வேலி கிடையாது. பக்கத்திலிருப்பவர் நடந்துகொள்ளும் முறைதான் அவருக்கு இடம்; அதுதான் அவருக்குக் காவல். ஆகவேதான் நிற்குமிடத்தில் நெறி அதிகம் தேவைப்படுகிறது.

இடமும் இங்கிதமும்

நிற்கும் படிகளில் எவரும் எழுதி ஒட்டாத சில வழக்கங்கள் உண்டு. அடிக்கடி செல்வோர் அவற்றைத் தம் தந்தையிடமோ பாட்டனிடமோ பார்த்துக் கற்றவர்கள்.

முன்னால் நிற்க விரும்புபவர் முன்கூட்டியே வர வேண்டும். பிந்தி வந்துவிட்டு, "சற்று வழிவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு படியாக முன்னேறி, இரண்டு மணி நேரம் காத்து நின்றவர் முகத்துக்கு எதிரே போய் நிற்பது அங்கே மிகவும் இழிவாகக் கருதப்படும். சிறுபிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்களை வேலியோரம் முன்னே விடுவார்கள். ஆனால் பிள்ளையைச் சாக்காக வைத்துக் குடும்பமே முன்னே போகக் கூடாது. நெட்டையானவர் தம் பின்னால் குள்ளமானவர் நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

மழை வந்தால் குடை விரிக்கலாகாது. ஒரு குடை பின்னால் பத்துப் பேரின் கண்ணை மறைக்கும். அதன் கம்பி பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் குத்தவும் கூடும். தொப்பியும் மழைக்கோட்டும் அணிந்து நனைந்தபடியே நிற்பார்கள். கொடி பிடிப்பவர் ஆட்டம் நிற்கும்போது ஆட்டலாம். பந்து ஓடும்போது தாழ்த்த வேண்டும். தேநீர் வாங்கவோ வேறு தேவைக்கோ செல்பவர் இடைவேளையில், அல்லது ஆட்டம் நின்றிருக்கும் தறுவாயில் செல்வார். அவர் திரும்பும்வரை அவருடைய இடத்தை அறிமுகம் இல்லாத அண்டையாரே காத்துக் கொடுப்பார். படிகளுக்கு இடையே மேலும் கீழும் செல்லும் நடைவழியில் யாரும் நிற்கக் கூடாது. மயங்கி விழுந்தவரைத் தூக்கிச் செல்ல அது ஒன்றே வழி.

அங்கே பெரியவர்கள் சிலர் பீர்க் குவளையுடன் நிற்பதும் வழக்கம். அதை நாம் மெச்சவில்லை. ஆனால் நிலை தவறிப் பேசுபவரை முதலில் கண்டிப்பவர் பக்கத்தில் நிற்பவரே. "இங்கே பிள்ளைகள் நிற்கிறார்கள்" என்ற ஒரு சொல் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். கேளாதவரை மைதானப் பணியாளர் வெளியேற்றுவர்.

தள்ளாதே என்பது ஏன்?

மேலே சொன்னவை நாகரிகம் பற்றியவை. இனிச் சொல்வது உயிர் பற்றியது.

1975-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் எடின்பரோவின் மரேஃபீல்டு மைதானத்தில் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் ஆடின. அந்நாளில் வாயிலில் காசு கொடுத்து உள்ளே போகலாம். அன்று 1,04,000 பேர் திரண்டுவிட்டனர். அத்தனை பேரும் நெருக்கியடித்து நின்றனர். உள்ளே வர இயலாமல் திரும்பியவரும் பலர். பெருந்துன்பம் ஏதும் நேரவில்லை. எனினும் பொறுப்பாளர்கள் கண் விழித்துக்கொண்டார்கள். அதன்பின் பெரிய ஆட்டங்களுக்கு முன்கூட்டியே சீட்டுப் பெற்றவர் மட்டுமே வரலாம் என்று முறை செய்தார்கள்.

கால்பந்து மைதானங்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1946-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் இங்கிலாந்தின் போல்டன் நகரில், கொள்ளளவுக்கு மேல் கூட்டம் நுழைந்ததால் தடுப்புகள் சரிந்து 33 பேர் மாண்டனர். 1971-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் மைதானத்தில், ஆட்டம் முடிந்து படிக்கட்டில் இறங்கிய கூட்டம் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து 66 பேர் உயிரிழந்தனர். 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், நிற்கும் பகுதியில் நேர்ந்த நெரிசலுக்குப் பலியானோர் 97 பேர். அவர்களுள் கடைசியானவர் அன்று பட்ட காயங்களின் விளைவால் 2021-இல் இறந்தார்.

நிற்கும் கூட்டத்தில் மரணம் எப்படி வருகிறது? கீழே விழுந்து மிதிபட்டுச் சாகிறார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். பலர் நின்ற நிலையிலேயே இறக்கிறார்கள். மூச்சை உள்ளே இழுக்க மார்பு விரிய வேண்டும். நான்கு புறமும் உடல்கள் அழுத்தும்போது மார்பு விரிய இடமின்றிப் போகிறது. சில நிமிடங்களில் நினைவு தவறுகிறது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஆறு ஏழு பேர் அடைந்துவிட்டால், கூட்டம் தனித்தனி மனிதராக இராது. வெள்ளம் போல் அலைபாயும். அப்போது எவ்வளவு வலிமை உள்ளவரும் தாம் விரும்பும் பக்கம் ஓரடி நகர முடியாது.

இதனால்தான் பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி நூல், மிக நன்றாக அமைந்த நிற்கும் படிகளிலும் பத்துச் சதுர மீட்டருக்கு 47 பேருக்கு மேல் விடக் கூடாது என்று வரையறுக்கிறது. எட்டு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் அந்த இடம். அதற்குமேல் ஒருவர்கூட வேண்டாம் என்பது கணக்கு. படிகளின் நடுவே உள்ள கம்பித் தடுப்புகளும் அழகுக்காக வைத்தவை அல்ல. மேலிருந்து வரும் அழுத்தம் கீழ்ப்படி வரை போய்ச் சேராமல் அவை இடையிலேயே தாங்கிக்கொள்கின்றன.

இதில் நாம் மனத்தில் பதிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பின்னால் தள்ளுபவருக்கு முன்னால் நசுங்குபவர் தெரிவதில்லை. தள்ளுபவர் கொடியவர் அல்லர். சற்று எட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர், அவ்வளவே. பத்துப் பேர் ஆளுக்கு ஓர் அங்குலம் நகர்ந்தால், அந்தப் பத்து அங்குலமும் முன்வரிசைக் குழந்தையின் மார்பில்தான் போய்ச் சேரும். நம் விளையாட்டு விழாக் கயிற்றோரம் நடந்ததும் இதுவே.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹில்ஸ்பரோவில் நடந்ததற்கு இரசிகர்களே காரணம் என்று பல ஆண்டுகள் பழி சுமத்தப்பட்டது. இறந்தோரின் குடும்பத்தார் விடாமல் போராடினார்கள். கடைசியில் 2016-இல் விசாரணை மன்றத்தின் நடுவர் குழு, அவர்கள் சட்டத்துக்குப் புறம்பான முறையில் உயிரிழக்க நேர்ந்தது என்றும், இரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணம் அன்று என்றும் தீர்ப்பளித்தது. கூட்டத்தை நடத்தும் பொறுப்பில் இருந்த காவல்துறையின் தவறுகள் வெளிப்பட்டன. ஆகவே நெறி என்பது நிற்பவருக்கு மட்டும் உரியதன்று. வாயிலைத் திறப்பவருக்கும், கயிறு கட்டுபவருக்கும், எத்தனை பேரை விடலாம் என்று முடிவு செய்பவருக்கும் உரியது. ஆசிரியைகளாகிய எங்களுக்கும் இது பாடம்.

ஹில்ஸ்பரோவுக்குப் பின் இங்கிலாந்தின் மேல்நிலைக் கால்பந்து மைதானங்கள் அனைத்திலும் இருக்கைகள் கட்டாயமாயின. 2022-ஆம் ஆண்டில்தான் ஒவ்வொரு வரிசைக்கும் கம்பி வைத்து மறுபடியும் நிற்க அனுமதித்தார்கள். ரக்பிக்கு அந்தக் கட்டாயம் விதிக்கப்படவில்லை. அதனால் அங்கே நிற்கும் படிகள் பல இடங்களில் தொடர்ந்து நிலைத்தன.

எதிரணியாரும் அருகிலே

கால்பந்தில் இரு அணி இரசிகர்களையும் தனித்தனிப் பகுதிகளில் பிரித்து, நடுவே காவலரை நிறுத்துவது அங்கே வழக்கம். ரக்பியில் அப்படிப் பிரிப்பதில்லை. சிவப்புச் சட்டைக்காரரும் பச்சைச் சட்டைக்காரரும் ஒரே படியில் கலந்து நிற்பார்கள். ஒருவர் அணி புள்ளி எடுத்தால் மற்றவர் முகம் வாடும். ஆயினும் கை தட்டுவார். அருகே நிற்பவரை அவமதிக்காமல் தம் அணியை வாழ்த்துவது எப்படி என்பதை அந்தப் படிகளே கற்றுக்கொடுக்கின்றன.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் ஆட்டத்தின் பரிசுக்கு நம் நாட்டுப் பெயர் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். அது 'கல்கத்தாக் கோப்பை'. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ரக்பி ஆடினார்கள். அடுத்த ஆண்டு ஒரு கழகமும் அமைந்தது. சில ஆண்டுகளில் ஆட்கள் குறைந்து கழகம் கலைந்தபோது, வங்கியில் மிஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக் கழகத்துக்கு அனுப்பினார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்புகள். மூடியின்மேல் ஒரு யானை. 1879 முதல் அந்தக் கோப்பைக்காக இரு நாடுகளும் ஆடி வருகின்றன. நெடுங்காலப் பகை கொண்டிருந்த இரு நாட்டு மக்கள் அந்த ஆட்டத்தைக் கலந்தே நின்றும் அமர்ந்தும் பார்க்கிறார்கள்.

கூட்டம் தன் உணர்ச்சியைக் காட்டப் பாட்டும் ஒரு வழி. 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் நியூசிலாந்து அணி ஆட வந்தது. அதற்குமுன் எவரும் அதை அந்தப் பயணத்தில் வென்றதில்லை. ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்தார் தம் வழக்கப்படி மாவோரி மக்களின் 'ஹாக்கா' என்ற போர் நடனத்தை ஆடினார்கள். அதற்கு மறுமொழியாக வேல்ஸ் வீரர்கள் தம் நாட்டுப் பாடலைப் பாடத் தொடங்க, கூடியிருந்த ஆயிரக்கணக்கானோரும் சேர்ந்து பாடினார்கள். ஓர் ஆட்டத்துக்கு முன் நாட்டுப்பாடல் பாடப்பட்டது அதுவே முதல் முறை என்பார்கள். வேல்ஸ் 3-0 என்று வென்றது. அறைகூவலுக்கு வசை பாடாமல் இசை பாடி விடை கூறியது அந்தக் கூட்டம்!

மௌனத்தின் பெருமை

இனி அந்த உதைக்கு வருவோம்.

முப்பது பேர் முட்டி மோதும் இந்த ஆட்டத்தில், ஒருவர் முழுத் தனிமையில் நிற்கும் நேரம் அது ஒன்றே. பந்தைத் தரையில் நிறுத்திவிட்டு, சில அடி பின்வாங்கி, கம்பங்களைப் பார்க்கிறார். இரு கம்பங்களுக்கும் இடைவெளி 5.6 மீட்டர், குறுக்குக் கம்பியின் உயரம் 3 மீட்டர். 60 வினாடிக்குள் உதைத்துவிட வேண்டும் என்பது விதி. ஆட்டத்தின் முடிவே சில நாள்களில் அந்த ஓர் உதையில் தொங்கும்.

அப்போது கூட்டம் என்ன செய்ய வேண்டும்? பழைய வழக்கம் இது: உதைப்பவர் நம்மவராயினும் எதிரணியாராயினும், அவர் பந்தை நிறுத்தியது முதல் உதைத்து முடிக்கும்வரை வாய் திறவாது நிற்பது. இவ்வழக்கத்துக்குப் பெயர் பெற்றது நான் முன்பு சொன்ன தாமண்டு பார்க். அது மன்ஸ்டர் என்ற மாநில அணியின் வீடு. 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் நியூசிலாந்து அணியை 12-0 என்று அந்த அணி வென்றது அங்கேதான். அதுவரை அயர்லாந்தின் எந்த அணியும் நியூசிலாந்தை வென்றதில்லை. அன்று உள்ளே இருந்தவர் சுமார் 12,000 பேர்தாம்; ஆனால் "நானும் அங்கே நின்றேன்" என்று பின்னாளில் சொன்னவர் இலட்சம் பேர் என்று வேடிக்கையாகக் கூறுவார்கள்.

அவ்வளவு ஆர்வமுள்ள அக்கூட்டம் எதிரணியார் உதைக்க வரும்போது அடங்கிவிடும். இப்போது அங்கே 25,000-க்கும் மேற்பட்டோர் கூடலாம். அத்தனை பேர் நின்றும் அமர்ந்தும் இருக்க, இருமும் ஒலிகூடக் கேட்கும் அளவுக்கு அமைதி நிலவும். யாராவது ஓர் இளைஞர் சீட்டியடித்தால் எதிரணி இரசிகர் கண்டிக்க வேண்டியதில்லை. சொந்த ஊர்க்காரர்களே 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள். கூச்சலைவிட அந்த மௌனமே தங்களை அச்சுறுத்தியது என்று சொன்ன ஆட்டக்காரர்களும் உண்டு!

இந்த மௌனத்தைச் சட்டம் கேட்கவில்லை. உடைத்தால் தண்டனை கிடையாது. உதை தவறினால் நமக்கு ஆதாயம். அப்படியிருந்தும் ஏன் வாய் மூடி நிற்கிறார்கள்? எதிரி தன் திறமையைக் காட்ட ஒரு வாய்ப்புக் கொடுத்து, அதன்பிறகும் வென்றால்தான் வெற்றி என்று அவர்கள் எண்ணுகிறார்கள். கூச்சலால் பறித்த புள்ளியை நம்மவர் ஈட்டிய புள்ளி என்று சொல்ல முடியுமா?

எல்லா மைதானமும் இப்படி இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். சீட்டியும் ஏளனமும் இன்று பல இடங்களில் பெருகிவிட்டன. உதைப்பவருக்கு மதிப்புக் கொடுங்கள் என்று பெரிய திரையில் எழுதிக் காட்ட வேண்டிய நிலையும் வந்திருக்கிறது. எழுதாமலே நடந்த ஒன்றை எழுதிக் காட்ட வேண்டி வந்தால், அது தேய்ந்து வருகிறது என்றே பொருள்.

நடுவருக்கும் வீரருக்கும் மனம் உண்டு

ரக்பியில் நடுவரிடம் அணித்தலைவர் மட்டுமே பேசலாம். அவரும் 'ஐயா' என்று மரியாதையுடன் பேச வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். வீரர் காட்டும் அடக்கத்தைப் பார்வையாளரும் காட்ட வேண்டும் அன்றோ? வெயின் பார்ன்ஸ் என்ற புகழ்பெற்ற நடுவர் 2023-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தினார். அவர் நடத்திய 111-ஆவது சர்வதேச ஆட்டம் அது. வேறு எந்த நடுவரும் அதுவரை அத்தனை ஆட்டங்களை நடத்தியதில்லை. அதோடு அவர் ஓய்வு பெற்றார். தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் வந்த வசைகளையும் மிரட்டல்களையும் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியபோது பலர் தலைகுனிந்தனர். அதே உலகக் கோப்பையின்போது இங்கிலாந்து அணித்தலைவர் ஓவன் ஃபாரலை மைதானக் கூட்டம் பலமுறை ஏளனக் குரலிட்டது. அந்த நவம்பரில், தம்முடைய, தம் குடும்பத்தாருடைய மனநலத்தைக் காக்க வேண்டிச் சில காலம் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகுவதாக அவர் அறிவித்தார். உடல் வலிமையில் சிறந்த வீரருக்கும் மனம் உண்டு. அதில் சொல் தைக்கும்.

ஆட்டம் முடிந்ததும் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. ஓர் அணியார் இரு வரிசையாக நின்று, நடுவே மற்ற அணியாரை நடக்கவிட்டுக் கை தட்டுவார்கள். பிறகு மற்ற அணியாரும் அவ்வாறே செய்வார்கள். படிகளில் நிற்போரும் அதுவரை இருந்து இருவருக்கும் கை தட்டிவிட்டு, அவசரமின்றி இறங்குவதே முறை. ஐப்ராக்ஸ் படிக்கட்டை நினைத்தால் அவசரம் வேண்டாம் என்பதன் பொருள் விளங்கும்.

பெண்களும் இந்தக் களத்தில்

இது ஆண்களின் ஆட்டமாயிற்றே என்று உங்களில் சிலர் கேட்கலாம். பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1991-ஆம் ஆண்டு வேல்ஸில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா இங்கிலாந்தை வென்றது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் இலண்டனின் டிவிக்கன்ஹாம் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்றது. அதைக் காண வந்தவர் 81,885 பேர்! பெண்கள் ரக்பிக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. பெண்கள் ஆடும் களம் வளர்கிறது. அதைச் சுற்றி நிற்கும் கூட்டமும் வளரும். அக்கூட்டத்தின் பண்பு எப்படி இருக்கும் என்பது உங்களைப் போன்றவர்கள் கையில் இருக்கிறது.

நமக்குரிய நெறிகள்

நம் பள்ளியில் ரக்பி இல்லை. ஆனால் கயிற்றோரம் நிற்கும் கூட்டம் உண்டு. விளையாட்டு விழா, ஆண்டு விழா, திருவிழாத் தேர்ப்பவனி, பேருந்து நிறுத்தம் எல்லாமே நிற்குமிடங்கள்தாம். ஆகவே பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

1. முன்னால் நிற்க வேண்டுமானால் முன்னரே வருக. பிந்தி வந்தால் பின்னால் நிற்க.

2. சிறியவர்களை முன்னே விடுக. அவர்களுக்கும் கயிற்றுக்கும் இடையே ஒரு முழ இடமாவது இருக்கட்டும்.

3. முன்னால் இருப்பவர் முதுகில் கை வைக்காதீர். எட்டிப் பார்க்க எம்பினாலும் தள்ளாதீர்.

4. நடைவழியை அடைக்காதீர். குடை, பை ஆகியவற்றைப் பிறருக்கு இடையூறாக வைக்காதீர்.

5. நெருக்கம் மிகுந்துவிட்டால் இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னே வைத்துக்கொண்டு மூச்சுக்கு இடம் தேடுக. அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது ஓய்கிற கணத்தில் பக்கவாட்டில் சிறிது சிறிதாக ஓரம் சேர்க. கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர். விழுந்த ஆளை உடனே தூக்குக.

6. எதிரணியார் சர்வீஸ் போடும்போதும், கூடைக்குப் பந்தை எறியும்போதும், தாண்டுவதற்கு ஓடத் தொடங்கும்போதும் மௌனம் காக்க. முடிந்தபின் நன்றாக இருந்தால் கை தட்டுக.

7. நடுவர் தீர்ப்பு நமக்குப் பாதகமாயினும் ஏளனக் குரல் எழுப்பாதீர்.

8. ஆட்டம் முடிந்ததும் இரு அணிக்கும் கை தட்டிவிட்டு, வரிசையாகக் கலைந்து செல்க.

ஆசிரியைகளாகிய எங்களுக்கும் ஒன்று: எண்ணிப் பார்த்து ஆள் விடுவதும், கயிற்றைத் தளத்திலிருந்து போதிய தூரம் தள்ளிக் கட்டுவதும், கூச்சல் எழும்போது நம் இல்லத்துக் கூச்சலாயினும் அடக்குவதும் எங்கள் கடமை.

அந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். இவ்வாண்டும் அவள் எதிர் இல்லத்தில்தான் ஆடுகிறாள். சில வாரங்களுக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அவள் பந்தோடு பின்கோட்டுக்குப் போனபோது, நான் என் இல்லத்துப் பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். எல்லாரும் அடங்கினார்கள். அவள் ஒருகணம் திகைத்து எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு எறிந்தாள். பந்து வலையைத் தாண்டி எங்கள் தளத்தின் மூலையில் விழுந்தது. எங்களுக்குப் புள்ளி போயிற்று. நாங்கள் கை தட்டினோம். அன்று நாங்கள் தோற்றோம்.

குழாயடியில் அன்று நான் சொல்லாத பதிலை, ஓராண்டு கழித்து என் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.